நாயைக் கண்டால் தாளைக் காணோம்

நம் வீடுகளின் முன்னறையில் எந்தெந்தப் படங்கள் மாட்டப்பட்டிருக்கின்றன என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். முருகன், மாரியம்மன், லெட்சுமி. அப்பா அம்மாவின் திருமணப் படம். அக்கா பட்டம் வாங்கிய படம். மாலை போட்ட தாத்தாவின் படம். அந்த வீட்டு வாசலிலேயே பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் படுத்துக் கிடந்து, நாள்தோறும் நம்மை வழியனுப்பி, நாள்தோறும் நம்மை வரவேற்ற நாயின் படம் இந்த வரிசையில் எத்தனை வீடுகளில் இருக்கிறது? நான் வளர்ந்த கோலா தெர்லாவில், எங்கள் வீட்டையும் சேர்த்து, அண்மைக்காலம் வரை எனக்குத் தெரிந்த ஒரு வீட்டிலும் இல்லை. ஆனால் நாய் இல்லாத வீட்டை அங்கே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். நாம் நேசிக்கும் நாயை நம் கையாலேயே பென்சிலால் வரைய வேண்டும். அது வெறும் பொழுதுபோக்கன்று. நாம் வாழ்ந்த வாழ்க்கையை நாமே உற்றுப் பார்த்து, நாமே பதிவு செய்யும் பழக்கத்துக்கு அது முதற்படி. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், சிரித்து முடித்த பின் தொடர்ந்து படிக்கட்டும்.

கல்லில் நிற்கும் கோவிவன்

நாயைப் படமாக்குவது வெள்ளைக்காரர் பழக்கம், நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களைத் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூருக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அவ்வூர் நடுகல் ஒன்று பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமைகளுக்காக நடந்த சண்டையில் உயிர்விட்ட கருந்தேவகத்தி என்ற வீரனுக்காக நட்ட கல் அது. வீரனின் உருவத்தோடு ஒரு நாயின் உருவத்தையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். அதோடு விடவில்லை. அந்த நாயின் பெயரையும் கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். அதன் பெயர் கோவிவன். திருட வந்தவர்களில் இருவரைக் கடித்துவிட்டு அது காவலாக நின்றது என்ற செய்தியும் அக்கல்லில் உண்டு.

சிந்தித்துப் பாருங்கள். அந்த ஊரில் அன்று வாழ்ந்த செல்வந்தர்களின் பெயர் நமக்குத் தெரியாது. அந்தக் கல்லைச் செதுக்கிய சிற்பியின் பெயரும் தெரியாது. ஒரு நாயின் பெயர் 1,400 ஆண்டுகளாக நிற்கிறது.

அண்டை மொழியிலும் இப்படி ஒரு கல் உண்டு. கர்நாடகத்தின் ஆதகூரில் கிடைத்த கன்னடக் கல்வெட்டு கி.பி. 949-950-ஐச் சேர்ந்தது. சோழ இளவரசன் இராசாதித்தன் மாண்ட தக்கோலப் போரைச் சொல்லும் கல்வெட்டு என்பதால் தமிழர் வரலாறு படிப்பவர்களுக்கு அது முக்கியமானது. அந்தப் போரில் வெற்றி பெற்ற தரப்பைச் சேர்ந்த மணலேரன் என்ற வீரன் பரிசாகக் கேட்டது பொன்னையன்று. காளி என்ற வேட்டை நாயை. பின்னாளில் அந்த நாய் ஒரு பெரும் பன்றியோடு மோதியதில் இரண்டுமே மாண்டன. காளிக்காக நட்ட கல்லில் நாயும் பன்றியும் மோதும் காட்சியைச் செதுக்கியிருக்கிறார்கள். ஓர் இளவரசன் வீழ்ந்த செய்தியும் ஒரு நாய் வீழ்ந்த செய்தியும் ஒரே கல்லில் இருக்கின்றன. அக்கல் இன்று பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது.

நம் முன்னோர் சொல்லிவைத்த பழமொழி ஒன்றும் இங்கே நினைவுக்கு வருகிறது. “நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம்.” தெருவில் குரைக்கும் நாயை எறியக் கல் தேடுவதைப் பற்றியது என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். பெரியவர்கள் வேறொரு விளக்கம் சொல்வார்கள். சிற்பி வடித்த நாய் அது. நாயாகப் பார்ப்பவனுக்குக் கல் மறைந்துவிடும். கல்லாகப் பார்ப்பவனுக்கு நாய் மறைந்துவிடும். அந்த விளக்கத்தின்படி அது நாயை விரட்டும் பழமொழியன்று. நாயைச் செதுக்கிய கலையைப் பற்றிய பழமொழி!

தன்கதை எழுதிய நாய்

இப்படிப்பட்ட மரபுக்குச் சொந்தக்காரர்களான நாம் இன்று நாயை எங்கே வைத்திருக்கிறோம்? வசைச்சொல்லில் வைத்திருக்கிறோம். அடுத்து, தன்கதையில் வைத்திருக்கிறோம்.

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். “நான் ஒரு நாய். என் பெயர் மணி. என் நிறம் பழுப்பு. என் எசமானர் என்னை அன்போடு வளர்த்தார்.” இதை எழுதாத மாணவர் உண்டா? கடைசிப் பத்தியில் ஒரு திருடன் வருவான். நாய் அவனைக் கடிக்கும். எசமானர் பாராட்டுவார். வகுப்பில் முப்பது பேர் எழுதினாலும் ஒரே மணிதான், ஒரே திருடன்தான். வீட்டில் கறுப்பு நாய் வளர்த்தவரும் பழுப்பு நிற மணியைத்தான் எழுதினார். ஏனென்றால் பயிற்சி நூலில் இருந்தது பழுப்பு மணி.

தமிழ்ப்பள்ளியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எனக்கு எழுத்தறிவித்ததும், மேடையில் நின்று பேசும் துணிவைத் தந்ததும் அதுதான். ஆனால் கண்முன் இருப்பதைப் பார்த்து எழுதுவது வேறு, மனனம் செய்ததை எழுதுவது வேறு. இந்த வேறுபாட்டைக் கட்டுரையைவிட ஓவியம் விரைவில் கற்றுத் தருகிறது. மனனம் செய்த நாயை வரைந்தால் அது கேலிச்சித்திரமாக நிற்கும். எவர் பார்த்தாலும் தெரிந்துவிடும். தாளில் ஏமாற்ற முடியாது.

யார் முகம் படத்தில் இருக்கிறது?

வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் 1885-இல் இந்த மலைப்பகுதிக்கு வந்ததால் இதற்குக் கேமரன் மலை என்று பெயர். 1929-இல் ஜே.ஏ. ரஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அன்று தொட்டு இன்றுவரை மலேசியாவில் அதிகமாகப் படம் பிடிக்கப்பட்ட இடங்களில் இந்த மலைச்சரிவுகளும் அடங்கும். அஞ்சலட்டை, நாட்காட்டி, தேயிலைப் பொட்டலம், சுற்றுலா விளம்பரம் என்று எங்கும் அந்தப் பச்சை மேடுகளைக் காணலாம்.

அந்தப் படங்களில் நம்மவர்கள் எப்படி இருக்கிறார்கள்? தொலைவில் ஒரு தொப்பி, முதுகில் ஒரு கூடை. முகம் தெரியாது. தெரிந்தாலும் பெயர் இருக்காது. கோவிவனுக்குக் கிடைத்த மரியாதை கொழுந்து பறித்த நம் பாட்டிகளுக்குக் கிடைக்கவில்லை. இப்போது கொழுந்து பறிப்பதும் மாறிவிட்டது. கத்தரிக்கோலும், இருவர் பிடித்துச் செல்லும் வெட்டு இயந்திரமும் வந்துவிட்டன. வேலை செய்பவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். அவர்களும் அதே தொப்பியாகவும் அதே பையாகவும் அஞ்சலட்டைக்குள் போய்விட்டார்கள்.

நம் வீடுகளிலோ வேறு நிலைமை. என் தாத்தா தலைமுறையில் தோட்டத்தில் வாழ்ந்த பலருக்கு இருந்த ஒரே நிழற்படம் அடையாள அட்டைப் படம். அவர் இறந்த பிறகு பிள்ளைகள் அதைப் பட்டணத்துக் கடைக்கு எடுத்துச் சென்று பெரிதாக்குவார்கள். கடைக்காரர் தாத்தா வாழ்நாளில் போடாத கோட்டு ஒன்றைப் போட்டுவிடுவார். அந்தப் படத்துக்குத்தான் மாலை. இதுதான் நாம் நம் மனிதர்களைப் பதிவு செய்த முறை: இறந்த பிறகு, அரசாங்கத்துக்காக எடுத்த படத்திலிருந்து!

நாய்க்கு அடையாள அட்டை கிடையாது. உரிமம் எடுத்தால் கழுத்தில் ஒரு சிறு வில்லை தொங்கும். அதில் எண் இருக்கும், முகம் இருக்காது. ஆகவே பெரிதாக்குவதற்கும் ஒன்றும் இல்லை.

தோட்டத்தை விட்டு வெளியேறும் குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு இதன் கனம் தெரியும். லோரியில் அலமாரி ஏறும், சாமி படம் ஏறும், தையல் இயந்திரம் ஏறும். போய்ச் சேரும் அடுக்குமாடியில் நாய் வளர்க்க அனுமதி இருக்காது. லோரி புறப்படும்போது நாய் கொஞ்ச தூரம் ஓடி வரும். பிறகு பக்கத்து வீட்டார் சோறு வைப்பார்கள். பக்கத்து வீட்டாரும் போய்விட்டால் அது யாருடைய நாயுமில்லை. தோட்ட வாழ்க்கையின் முடிவைப் பற்றி நாம் மேடைகளில் நிறையப் பேசுகிறோம், ஆய்வேடுகள் எழுதுகிறோம். அந்த லோரிக்குப் பின்னால் ஓடிய நாயை எந்த ஆய்வேட்டிலும் நான் படித்ததில்லை.

வரைவது எப்படி?

இனி செய்முறைக்கு வருகிறேன். வரைய வராது என்பவர்களுக்காகவே இந்தப் பகுதி.

எங்கள் வீட்டு நாயின் பெயர் சிங்கம். 2010-இல் அந்தத் திரைப்படம் வந்த சமயத்தில் வந்த குட்டி என்பதால் அப்பா வைத்த பெயர். உருவத்துக்கும் பெயருக்கும் தொடர்பே இல்லை. முழங்கால் உயரம், உடம்பெல்லாம் கறுப்பு. கறுப்பு நாயை வரைவது கடினம் என்பார்கள். உண்மையில் அதுதான் நல்ல ஆசிரியர். கறுப்பு என்று நாம் நினைப்பது கறுப்பன்று என்பதை முதல் அரை மணி நேரத்திலேயே அது சொல்லிக் கொடுத்துவிடும். முதுகில் வெளிச்சம் பட்ட இடம் ஏறக்குறைய வெள்ளை. கழுத்தின் பக்கவாட்டில் சாம்பல். மூக்குத் துளை, கண்மணி, காதின் அடிப்புறம் ஆகிய மூன்று இடங்களில்தான் முழுக் கறுப்பு.

பென்சிலின் கதையையும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. பென்சிலுக்குள் இருப்பது ஈயமன்று. காரீயம் என்று நாம் சொல்லும் கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்த கலவை. 1795-இல் பிரான்சைச் சேர்ந்த கோந்தே என்பவர் இக்கலவை முறைக்குக் காப்புரிமை பெற்றார். களிமண் கூடினால் முனை கடினமாகும், கோடு வெளிறும்; அது எச் வகை. கிராஃபைட் கூடினால் முனை மென்மையாகும், கோடு கறுக்கும். அது பி வகை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் சுரங்கங்களிலிருந்து உலகெங்கும் கிராஃபைட் கப்பலேறியது. தேயிலைக்குப் பெயர் பெற்ற அதே தீவுதான். நமக்குத் தேவை எச்பி, 2பி, 6பி ஆகிய மூன்று பென்சில்கள், கொஞ்சம் தடித்த வரைதாள், ஓர் அழிப்பான். மதிய உணவுக்கு ஆகும் செலவுக்குள் முடிந்துவிடும்.

நாய் அசையாமல் இருக்காது என்பது அடுத்த சிக்கல். ஓவியர்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். ரெம்பிராண்ட் 1640-ஆம் ஆண்டளவில் உறங்கும் நாய்க்குட்டி ஒன்றைச் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டார். ஆங்கில ஓவியர் டேவிட் ஹாக்னி 1990-களில் தம் இரண்டு நாய்களை மட்டுமே திரும்பத் திரும்ப வரைந்து ஒரு நூலாகவே வெளியிட்டார். நாய் படுத்தவுடன் வரைய வேண்டும் என்பதற்காக வீட்டில் தாளைத் தயாராக வைத்திருந்தார். ஆகவே தூங்கும்போது வரையுங்கள். இரண்டு நிமிடத்தில் எழுந்து போனால் இரண்டு நிமிடக் கோட்டுப்படம் மிச்சம். இப்படி இருபது படம் சேர்ந்த பிறகு அதன் உடல் உங்கள் கைக்குப் பழகிவிடும்.

முழு முகப்படத்துக்கு நிழற்படத்தைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் கைப்பேசியை நாயின் மூக்கருகே கொண்டு போகாதீர்கள். மூக்கு பூதாகாரமாகவும் காதுகள் சிறுத்தும் விழும். மூன்று நான்கு அடி தள்ளி நின்று படத்தை அருகிழுத்து எடுங்கள். நின்றுகொண்டு மேலிருந்து எடுப்பதையும் தவிருங்கள். முட்டி போட்டு அதன் கண்மட்டத்துக்கு வாருங்கள். பக்கவாட்டிலிருந்து சன்னல் வெளிச்சம் விழட்டும். மின்னொளி வேண்டவே வேண்டாம். கண் பச்சையாக எரியும்.

பிறகு தாளில் எச்பியால் மெல்லிய கோடு. தலையைப் பந்தாகவும் வாய்ப்பகுதியைச் சிறு பெட்டியாகவும் முதலில் அமையுங்கள். கண்ணுக்கும் கண்ணுக்கும் உள்ள தூரம், கண்ணுக்கும் மூக்குக்கும் உள்ள தூரம் இரண்டையும் பென்சிலாலேயே அளந்து பாருங்கள். இந்த அளவு தவறினால் எவ்வளவு ரோமம் வரைந்தாலும் அது வேறு யாரோ ஒருவர் வீட்டு நாய்தான். கண்ணுக்குள் தெரியும் ஒளிப்புள்ளியைத் தொடாமல் வெள்ளைத் தாளாகவே விட்டுவிடுங்கள். உயிர் அங்கேதான் இருக்கிறது. ரோமத்தை ஒவ்வொன்றாக எண்ணி வரைய வேண்டியதில்லை. அது எந்தப் பக்கம் படிந்திருக்கிறது என்று பார்த்தால் போதும். மூக்குத் தண்டிலிருந்து மேலேறி, புருவத்தருகே பிரிந்து, நெற்றி வழியே பின்னோக்கிச் செல்லும். கோடும் அப்படியே செல்லட்டும்.

கறுப்பு முகத்தில் நரைத்த மீசை மயிரை எப்படிக் காட்டுவது? மை தீர்ந்த பேனாவால் தாளில் முதலிலேயே அழுத்திக் கீறிவிடுங்கள். பிறகு மேலே பென்சிலைப் படுக்கவைத்துத் தீட்டினால் அந்தப் பள்ளத்தில் மட்டும் கறுப்பு ஏறாது. வெள்ளை மயிர் தானாகத் தோன்றும். மை தீர்ந்த பேனாவுக்கு நம் மாணவர் விடுதிகளில் பஞ்சமில்லை.

எங்கள் மலையில் பனிமூட்டமும் ஈரமும் அதிகம். சட்டமிடும்போது தாள் கண்ணாடியைத் தொடாதபடி நடுவில் தடித்த அட்டை விளிம்பு வைக்க வேண்டும். இல்லையேல் ஓரிரு மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.

இப்படி வரைந்தபோதுதான் சிங்கத்தின் இடக்காதில் ஒரு கிழிசல் இருந்ததை நான் முதன்முதலாகச் சரியாகப் பார்த்தேன். காட்டுப்பன்றி கிழித்தது, நான் பள்ளி விடுதியில் இருந்த காலத்தில் நடந்தது என்று பாட்டி சொன்னார். கிழிந்த காதைப் பற்றித் தொடங்கிய பேச்சு, இருட்டோடு எழுந்து வேலைக்குப் போன காலம், பாதையில் துணைக்கு வந்த நாய்கள், அவற்றின் பெயர்கள் என்று நீண்டது. “தோட்டத்து வாழ்க்கையைச் சொல்லுங்கள் பாட்டி” என்று குறிப்பேட்டோடு உட்கார்ந்தபோதெல்லாம் “என்னத்தச் சொல்ல, கஷ்டம்தான்” என்ற ஒரே வரியோடு முடித்தவர் அவர். படம் முடிந்ததும் அதை வெகு நேரம் பார்த்துவிட்டு, “நான் வேலைக்குக் கெளம்புறப்ப இப்படித்தான்டி பாக்கும்” என்றார். சிங்கம் போன ஆண்டு இறந்துவிட்டது. பாட்டி சொல்லிய பெயர்கள் என் குறிப்பேட்டில் இருக்கின்றன.

நாய் போக முடியாத இடம்

தேசிய இடைநிலைப்பள்ளியில் படித்தவர்கள் வேறொரு கேள்வியை எழுப்பலாம். பல இனத்தவர் வாழும் நாட்டில் நாய்ப் படம் மற்றவரைச் சங்கடப்படுத்தாதா?

நியாயமான கேள்விதான். படிவம் நான்கில் கலைக்கல்விப் பாடத்துக்காக நான் சிங்கத்தை வரைந்தேன். கண்காட்சி வந்தபோது, நாய் வேண்டாமே, பூனை வரையலாமே என்று சொல்லப்பட்டது. சொன்னவருக்குத் தீய எண்ணம் எதுவும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. சிக்கல் வருமுன் தவிர்த்துவிடலாம் என்ற முன்னெச்சரிக்கைதான். 2018-இல் சீனர்களின் நாய் ஆண்டு வந்தபோது சில பேரங்காடிகளும் இதே முன்னெச்சரிக்கையோடு நாய் உருவத்தைத் தவிர்த்தன.

ஆனால் ஒன்றை நாம் தெளிவாகப் பார்க்க வேண்டும். மலேசிய முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபி மரபில், ஈரமான நாயைத் தொட்டால் ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். அந்த விதி தொடுவதைப் பற்றியது. அதை நாம் முழுமையாக மதிக்க வேண்டும். அவர்கள் வீட்டுக்குப் போகும்போது உடையில் நாய் மயிர் இருக்கிறதா என்று பார்த்துப் போவது நம் பண்பாடு. தாளின் மேலுள்ள கிராஃபைட்டுக்கு மயிருமில்லை, ஈரமுமில்லை. என் வகுப்பில் அந்தப் படத்தை முதலில் கையில் வாங்கிப் பார்த்தவள் ஒரு மலாய்த் தோழி. கண்ணை எப்படி அவ்வளவு ஈரமாக வரைந்தாய் என்று கேட்டாள். அன்று மாலையே அவள் தன் பூனையை வரையத் தொடங்கினாள். ஒரே 6பி பென்சிலை இருவரும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினோம்.

நாய் போக முடியாத இடத்துக்கு நாயின் படம் போகலாம். தோழியின் கைக்குப் போகலாம். அனுமதியில்லாத அடுக்குமாடிக்குப் போகலாம். லோரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஏறலாம். படத்தையும் விலக்கி வைத்தால், நமக்குள் பேச்சே நடக்காமல் போகும். நல்லிணக்கம் என்பது ஒருவர் நேசிப்பதை இன்னொருவர் கண்ணிலிருந்து மறைத்து வைப்பதன்று. மரியாதையோடு காட்டுவதும் மரியாதையோடு பார்ப்பதுமாகும்.

மறுப்பவர்களுக்கு

இன்னும் இரண்டு மறுப்புகள் எஞ்சியிருக்கின்றன.

முதலாவது, கைப்பேசியில் ஒரு விநாடியில் படம் எடுக்கலாமே என்பது. எடுக்கலாம். இன்று செயலி ஒன்றில் நிழற்படத்தைப் போட்டால் பென்சில் ஓவியமாகவே மாற்றித் தந்துவிடும். அப்படி வரும் படம் அழகாகவும் இருக்கும். ஆனால் கைப்பேசியில் என்னிடம் சிங்கத்தின் படங்கள் முந்நூறுக்கு மேல் இருந்தும் காதின் கிழிசல் கண்ணில் படவில்லை. வரைவதன் பயன் தாளில் மட்டுமில்லை; ஆறேழு மணி நேரம் ஓர் உயிரை இமைக்காமல் பார்த்தவரிடமும் இருக்கிறது. அந்த வேலையைச் செயலியிடம் ஒப்படைத்தால் படம் நமக்குக் கிடைக்கும், பார்த்த அனுபவம் கிடைக்காது.

இரண்டாவது, சமுதாயத்தில் ஆயிரம் சிக்கல் இருக்க நாய்ப் படம் ஒரு கேடா என்பது. வேலையின்மை, வீடு, அடையாள அட்டை, குறைந்துவரும் தமிழ்ப்பள்ளி மாணவர் எண்ணிக்கை ஆகியவற்றின் முன் நாய்ப் படம் சிறியதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சிக்கல்களைப் பற்றி நாம் எழுதும்போதும் பழுப்பு மணியின் தன்கதையைப் போலத்தானே எழுதுகிறோம்? ‘தோட்டத் தொழிலாளர் இன்னல்’ என்ற தலைப்பில் எத்தனை கட்டுரைகளில் ஒரே வரிகள் திரும்பத் திரும்ப வருகின்றன! எந்தத் தோட்டம், எந்த வீடு, யார், அவர் முகம் எப்படி இருந்தது என்று கேட்டால் பதில் இல்லை. ஒரு நாயின் காதைச் சரியாகப் பார்க்கப் பழகியவர் ஒரு மூதாட்டியின் கையையும் சரியாகப் பார்ப்பார். பார்த்தவர் எழுதினால்தான் படிப்பவர் நம்புவார்.

செய்ய வேண்டியது

நம் தமிழ்மொழிக் கழகங்கள் நடத்தும் ஓவியப் போட்டிகளில் திருவள்ளுவரும் பாரதியாரும் தொப்பி போட்ட தேயிலைத் தொழிலாளியும் தவறாமல் வருகிறார்கள். வரட்டும். அவற்றோடு ‘எங்கள் வீட்டு உயிர்’ என்று ஒரு பிரிவைச் சேர்க்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். நாயோ பூனையோ சேவலோ கன்றுக்குட்டியோ, எதுவாக இருந்தாலும் சரி. இரண்டே விதிகள் போதும். நேரில் பழகிய உயிராக இருக்க வேண்டும். படத்தின் கீழே அதன் பெயர், வாழ்ந்த ஊர், வீட்டாரிடம் கேட்டறிந்த ஒரு செய்தி ஆகியவற்றைத் தமிழில் எழுத வேண்டும். கோவிவனின் கல்லிலும் இவ்வளவுதான் இருக்கிறது: ஓர் உருவம், ஒரு பெயர், ஒரு செய்தி. அந்தப் படங்களைத் தொகுத்து இதே மலரில் நான்கு பக்கம் ஒதுக்கினால், கேமரன் மலை முதல் கெடா வரை நம் தோட்டங்களின் வாசல்கள் எப்படி இருந்தன என்பதற்கு நம் கையாலேயே ஆன சான்று கிடைக்கும்.

இந்திய அஞ்சல் துறை 2005-இல் நாட்டு நாயினங்களுக்கு வெளியிட்ட நான்கு அஞ்சல்தலைகளில் ஒன்று இராசபாளையம் நாய்க்கு உரியது. நல்ல இனம் என்றால் அரசாங்கமே படம் போடும். இனம் தெரியாத நம் வீட்டுச் சிங்கங்களுக்கும் மணிகளுக்கும் நம்மை விட்டால் ஆளில்லை.

முன்னாள் மாணவர்களான அண்ணன்மாரே, அக்காமாரே, உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் வளர்ந்த தோட்டத்தைப் பற்றிச் சொல்ல எங்கே தொடங்குவது என்று தெரியவில்லையா? உங்கள் நாயின் பெயரிலிருந்து தொடங்குங்கள். உடன் பயிலும் நண்பர்களே, அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது மடிக்கணினியோடு மூன்று பென்சிலையும் நான்கு தாளையும் எடுத்துச் செல்லுங்கள். நாய்க்கு வயது நம்மைவிட விரைவாக ஏறுகிறது. நாம் பட்டம் வாங்கும் மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் வாசலில் படுத்திருப்பது கிழடாகிவிடும். அது இன்னும் நம் காலடிச் சத்தத்துக்குத் தலைதூக்கும்போதே வரைந்துவிடுவோம்.